கையால் கட்டிய அம்பிளிபயரும் அதன் மின் வழங்கியும்

ஹாலிஎலப் பகுதியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் இடங்களுக்கு நாம் போகும்போதெல்லாம் ஒரு பொருளைக் காண்கிறோம். பொது மண்டபத்தின் மூலையில், பழைய கெசட் பெட்டியின் தகட்டுக்குள், ஊர் இளைஞர்கள் தங்கள் கையாலே கட்டிய ஒரு அம்பிளிபயர். பஜனைக்கும் செபத்துக்கும் நிவாரண அறிவித்தலுக்கும் அதுதான். எல்லா இடத்திலும் முறைப்பாடும் ஒன்றுதான். பேசாமல் இருக்கும்போது "ஊம்" என்று இரைகிறது. உரத்துப் பேசினால் குரல் உடைந்து சொல் விளங்காமற் போகிறது. ஸ்பீக்கரை மாற்றினோம், ஐசியை இரண்டு தரம் மாற்றினோம், இரைச்சல் போகவில்லை என்கிறார்கள்.

கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் பகுதியிலேதான் இருக்கிறது. பஜனை நடக்கும்போது இரைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மழை இரவில் "வெளியே வாருங்கள்" என்று சொல்ல வேண்டிய பெட்டியும் இதுதான் என்பதாலேயே இதை எழுதுகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர் நம்மில் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் ஒன்றாகவே போயின.

முதலில் வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட், செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறுகின்ற மின்சாரம். டிரான்ஸ்போமர் அதை 12 வோல்டாகக் குறைக்கிறது. டயோட்டுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. ஆனாலும் அது ஒரே சீராக வருவதில்லை; செக்கனுக்கு 100 துடிப்பாக வருகிறது. பீலியடியில் பீப்பாய் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டுகிறது. கீழே குழாயில் ஒழுங்காக ஓட வேண்டும். பீப்பாய் சிறிதானால் ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் இடையில் மட்டம் இறங்கிவிடும். அந்தப் பீப்பாய்தான் கண்டென்சர். மட்டம் ஏறி இறங்குவதைத்தான் "ஊம்" என்று கேட்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் 1990இன் பின்னர் வருடக்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி, ரேடியோவில் செய்தி கேட்டார்கள். அந்த டைனமோ தருவதும் இப்படி மாறி மாறி ஓடும் மின்சாரமே. 6 வோல்ட், 3 வாட். அதைச் சீராக்கிக் கொடுத்ததும் நாலு டயோட்டும் ஒரு கண்டென்சருந்தான்.

இனி நம் பெட்டிக்கு வருவோம். இந்தப் பக்கம் அதிகம் காண்பது டி.டி.ஏ. 2003 என்ற ஐசி. கடையில் 10 வாட் என்று சொல்லி விற்பார்கள். அது 2 ஓம் ஸ்பீக்கருக்குரிய கணக்கு. 4 ஓமில் 6 வாட், 8 ஓமில் சுமார் 3 வாட்தான் கிடைக்கும். பரவாயில்லை, ஹோர்ன் ஸ்பீக்கர் பூட்டினால் அதுவே நாலைந்து லயத்துக்குக் கேட்கும். 4 ஓமில் உரத்துப் பேசும்போது இது சராசரி அரை அம்பியர் இழுக்கும். பலர் வைத்திருக்கும் 1000 மைக்ரோபரட் கண்டென்சரில் அப்போது மட்டம் ஏறக்குறைய 4 வோல்ட் இறங்கி ஏறும். குரல் உடைவது அதனால்தான். 4700 மைக்ரோபரட் போட்டால் ஒரு வோல்ட் அளவுக்குள் நின்றுவிடும். அதற்கு மேலே அடுக்கிக்கொண்டு போவதில் காசுதான் செலவு.

கண்டென்சரில் எழுதியிருக்கும் வோல்டையும் பாருங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்போமர் என்றால் கண்டென்சரிலும் 12 வோல்ட்தான் நிற்கும் என்று நினைத்து 16 வோல்ட் கண்டென்சர் போட்டு, அது வெடித்த வாசனையை நாமும் முகர்ந்திருக்கிறோம். 12ஐ 1.4ஆல் பெருக்கினால் 17 வரும்; டயோட்டில் கொஞ்சம் போக 15, 16 நிற்கும்; ஒன்றும் பேசாதபோது அதற்கும் மேலே ஏறும். ஆகவே 25 வோல்ட், முடிந்தால் 35 வோல்ட் கண்டென்சர் வாங்குங்கள். ஐசி 18 வோல்ட் வரைதான் வேலை செய்யும். மீற்றர் வைத்து அளந்து, அதைத் தாண்டினால் இடையில் ஒரு டயோட் சேருங்கள், 0.7 வோல்ட் குறையும். 12-0-12 டிரான்ஸ்போமர் உள்ளவர்கள் இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொரு டயோட், நடுக்கம்பி நெகட்டிவ் என்று கட்ட வேண்டும். இரண்டு ஓரத்திலும் நாலு டயோட்டைப் பூட்டினால் 30 வோல்டுக்கு மேல் வந்து ஐசி அன்றே போய்விடும். டயோட் 1என்4007 ஒரு அம்பியருக்குரியது. 3 அம்பியர் தாங்கும் 1என்5402 நல்லது. டிரான்ஸ்போமர் 2 அம்பியர் போதும்.

இவ்வளவு செய்தும் இரைந்தால் வொலியூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். இரைச்சலும் குறைந்தால் குற்றம் மைக் வயரில். குறையாவிட்டால் நெகட்டிவ் கம்பிகள் போகும் வழியில். டயோட்டிலிருந்து வரும் நெகட்டிவ், ஸ்பீக்கரின் நெகட்டிவ், ஐசியின் நெகட்டிவ் ஆகிய மூன்றும் தனித்தனிக் கம்பியாக வந்து கண்டென்சரின் நெகட்டிவ் காலிலேயே சேர வேண்டும். ஒன்றின் முதுகில் ஒன்றாகக் கட்டினால் ஒன்றில் ஓடும் துடிப்பு மற்றதில் கேட்கும். செலவில்லாத திருத்தம் இதுதான். நாம் கண்ட அளவில் அதிகம் பலன் தருவதும் இதுதான்.

230 வோல்ட் பக்கத்தில் கைவைப்பவர் அந்த வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பியூஸ் ஒன்றும், தகட்டுப் பெட்டிக்கு எர்த் கம்பியும் கட்டாயம் வேண்டும்.

மின்சாரம் போன நேரத்துக்கு என்ன செய்வது? 12 வோல்ட் பெட்டரி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். மின் வழங்கியின் பொசிட்டிவுக்கு ஒரு டயோட், பெட்டரியின் பொசிட்டிவுக்கு ஒரு டயோட். இரண்டும் சேர்ந்து அம்பிளிபயருக்குப் போகட்டும். நெகட்டிவ் இரண்டும் ஒன்று. எதில் வோல்ட் கூடவோ அதிலிருந்தே மின்சாரம் ஓடும். மின்சாரம் இருக்கும்போது 15 வோல்ட் வழங்கி வேலை செய்யும். போன கணமே பெட்டரி எடுத்துக்கொள்ளும். இருட்டில் சுவிட்ச் தேடத் தேவையில்லை. பெட்டரியில் "ஊம்" சத்தமும் இராது. ஒன்றும் பேசாமல் இருக்கும்போது ஐசி இழுப்பது 50 மில்லி அம்பியர் அளவே. 12 மணித்தியாலம் விட்டாலும் 0.6 அம்பியர் மணிதான் போகும். 7 அம்பியர் மணி உள்ள சிறிய பெட்டரியில் பாதியைச் செலவழித்தாலும் மணிக்கணக்காகப் பேசலாம்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். பெட்டரிப் பக்கத்து டயோட்டை எடுத்துவிட்டு, வழங்கியிலிருந்தே பெட்டரியைச் சார்ஜ் செய்யலாம் என்று பார்க்காதீர்கள். தொடர்ந்து 15 வோல்ட் கொடுத்தால் பெட்டரி கொதித்துக் கெடும், அதற்கு 13.8 வோல்ட் அளவில் நிற்கின்ற சார்ஜர் தனியாக வேண்டும், அல்லது கொன்ட்ரோலர் உள்ள சிறிய சோலார் தகடு. பெட்டரியின் பொசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸ் போடுங்கள். பிள்ளைகள் படுக்கும் அறையில் பெட்டரியை வைக்க வேண்டாம். சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய வாயு வரும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். 75 வந்ததுமே அம்பிளிபயரைப் போட்டு வையுங்கள்.

மாதத்தில் ஒருநாள், பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டரியில் மட்டும் பேசிப் பாருங்கள். கடைசி வீட்டில் ஒருவர் நின்று சொல் விளங்குகிறதா என்று கேட்கட்டும். மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது சாவி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.