களிமண்ணின் பலம் அதன் நீரில் இருக்கிறது

நார்வே நாட்டின் நடுப்பகுதியில், டிரோண்ட்ஹைம் நகரத்துக்கு அருகே, ரிஸ்ஸா என்ற ஊர் இருக்கிறது. 1978 ஏப்ரல் 29 அன்று அங்கே ஒரு விவசாயப் பண்ணையில் தொழுவத்தை விரிவுபடுத்த மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டியது சுமார் 700 கன மீட்டர். அதைப் பக்கத்திலிருந்த போட்னென் ஏரியின் கரையில் கொட்டினார்கள். அந்தப் பாரம் தாங்காமல் கரையின் ஒரு பகுதி ஏரிக்குள் சரிந்தது. சரிந்த இடத்தின் விளிம்பும் நிற்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த நிலமும் நிற்கவில்லை. முடிவில் 33 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 80 ஏக்கர் நிலம், வீடுகளோடும் பண்ணைகளோடும் சேர்ந்து ஏரியை நோக்கி ஓடியது. போன மண் 50 முதல் 60 லட்சம் கன மீட்டர். ஒருவர் உயிரிழந்தார்.

அது செங்குத்தான மலைச்சரிவு அல்ல. மெல்லச் சாய்ந்த விளைநிலம். தலைமுறை தலைமுறையாக வீடுகளையும் கால்நடைகளையும் தாங்கிவந்த மண்தான் அன்று திரவமாக ஓடியது. காரணத்தைத் தேடினால், அது மண் துகளில் கிடைக்காது. துகள்களுக்கு நடுவே தங்கியிருக்கும் நீரில் கிடைக்கும். அந்த நீரில் ஒரு காலத்தில் நிறைய உப்பு இருந்தது. பிறகு அது போய்விட்டது.

துகளும் அதைச் சூழ்ந்த நீரும்

மணலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மணல் துகள் பெரியது. அதன் எடையும் துகளோடு துகள் உராய்வதும்தான் அதன் உறுதியைத் தீர்மானிக்கின்றன. நீரில் உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணலுக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது, தகடு போன்ற வடிவம் கொண்டது. இவ்வளவு சிறிய துகளில் எடையைவிட மேற்பரப்புக்கே செல்வாக்கு அதிகம். களிமண் கனிமங்களில் ஒன்றான மான்ட்மோரில்லோனைட்டை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு கிராமின் மொத்த மேற்பரப்பு 800 சதுர மீட்டர் வரை வரும். நம் ஊர்க் கணக்கில் மூன்றரை கிரவுண்டு.

அந்த மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. அதனால் நீரில் கரைந்திருக்கும் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகளைத் தன்னைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் இப்படி ஓர் அயனிப் படலம் உருவாகிறது. களிமண்ணின் குணம் பெரும்பாலும் இந்தப் படலத்தின் தடிமனைப் பொறுத்தது.

நீரில் உப்பு அதிகமாக இருந்தால் படலம் மெலிந்து துகளோடு ஒட்டிவிடும். துகள்கள் நெருங்கிவர முடியும். அவற்றுக்கிடையே உள்ள இயல்பான ஈர்ப்பு அவற்றைப் பிணைத்துவிடும். உப்பு குறைந்தால் படலம் விரியும். துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். உப்பின் அளவு மட்டுமல்ல, எந்த அயனி என்பதும் முக்கியம். இரண்டு மின்னேற்றம் கொண்ட கால்சியம் படலத்தை ஒடுக்கும். ஒரு மின்னேற்றம் மட்டுமே கொண்ட சோடியம் அதை விரிக்கும்.

கடலில் படிந்த களிமண்

பனியுகம் முடியும் காலத்தில், பனிப்பாறைகள் அரைத்துத் தள்ளிய நுண்துகள்கள் நார்வேயின் கரையோரக் கடலில் படிந்தன. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பில் துகள்கள் உடனுக்குடன் ஒட்டிக்கொண்டு, சீட்டுக்கட்டு வீடு போல விளிம்பும் முகமுமாக நின்று, இடையிடையே நிறைய நீரைச் சிறைப்பிடித்தபடி படிந்தன.

பனியின் பாரம் நீங்கியதும் நிலம் மெல்ல மேலெழுந்தது. ஆஸ்லோ வட்டாரத்தில் அன்றைய கடல்மட்டத்தின் அடையாளம் இன்று கடலுக்கு 200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கடலடியாக இருந்த களிமண் விளைநிலமாயிற்று. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைநீரும் நிலத்தடி நன்னீரும் அதனூடாகக் கசிந்து உப்பைக் கழுவிக்கொண்டே வந்தன. உப்பு லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்கும்போது ஆபத்து தொடங்குகிறது.

உப்பு போனதும் மண் உடனே இடிந்து விழுவதில்லை. துகள்கள் நின்ற நிலையிலேயே நிற்கின்றன. அசைக்காத வரையில் சுமையையும் தாங்குகின்றன. மாறிப்போவது வேறொன்று: ஒருமுறை கலைந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் திறனை அவை இழந்துவிடுகின்றன. கலைந்த களிமண் எவ்வளவு நீர் வரை குழம்பாகாமல் தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு; பொறியாளர்கள் அதை நீர்ம எல்லை என்பார்கள். உப்பு கழுவப்பட்ட இந்தக் களிமண்ணில் அந்த எல்லை கீழே இறங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் நீரோ அப்படியே இருக்கிறது. ஆகவே மண் தன் எல்லைக்கு மீறிய நீரோடு, கலையாத கட்டமைப்பின் தயவில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. இந்த விளக்கத்தை நார்வே அறிஞர் ஐவன் ரோசன்க்விஸ்ட் 1940களில் முன்வைத்தார். இத்தகைய மண்ணைக் குயிக் கிளே என்கிறார்கள்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணெதிரே காட்டலாம். நிலத்திலிருந்து அலுங்காமல் எடுத்த உருளை வடிவ மாதிரியை மேசைமேல் நிறுத்தினால் உறுதியாக நிற்கும். மேலே சில கிலோ எடையை வைத்தாலும் தாங்கும். அதே மண்ணை ஒரு குவளையில் போட்டுக் கரண்டியால் நன்றாகக் கிளறினால் திரவமாகிவிடும். இன்னொரு பாத்திரத்தில் ஊற்றலாம். ஒரு சொட்டு நீர்கூட வெளியிலிருந்து சேர்க்கவில்லை. இப்போது சிறிது உப்பைப் போட்டு மறுபடி கிளறினால், ஓடிய குழம்பு கெட்டியாகிக் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். துகளும் அதேதான், நீரின் அளவும் அதேதான். உப்பு ஒன்றுதான் மாறியது.

அசைக்காத மண்ணின் பலம், கலைத்த மண்ணின் பலத்தைப் போல் எத்தனை மடங்கு என்று கணக்கிடுவார்கள். சாதாரணக் களிமண்ணில் அது சில மடங்கு. குயிக் கிளேயில் 30 மடங்கைத் தாண்டும். நூற்றுக்கணக்கான மடங்காகவும் இருக்கும்.

உப்பு எல்லாக் களிமண்ணுக்கும் நண்பன் அல்ல

இவ்வளவையும் படித்துவிட்டு, உப்பு இருந்தால் மண் பலமாக இருக்கும் என்று பொதுவிதி எழுதிவிடக் கூடாது. நார்வேக் களிமண்ணில் இல்லைட், குளோரைட் போன்ற அதிகம் வீங்காத கனிமங்களே பெரும்பாலும் உள்ளன. வீங்கும் கனிமமான மான்ட்மோரில்லோனைட் நிறைந்த பெண்டோனைட்டில் கதை வேறு.

பெண்டோனைட் நன்னீரை உறிஞ்சிப் பல மடங்கு பருத்து, துளைகளை அடைத்துவிடும். அதனால்தான் குப்பைக் கிடங்குகளின் அடித்தளத்தில், கழிவுநீர் நிலத்துக்குள் இறங்காமலிருக்க, அதை விரிக்கிறார்கள். ஆனால் குப்பையிலிருந்து வடியும் நீரில் உப்பும் கால்சியமும் மிகுந்திருந்தால் அயனிப் படலம் ஒடுங்கும், வீக்கம் வற்றும், துகள்களுக்கிடையே வழி திறக்கும். குழாய்நீரில் சோதித்தபோது ஒரு சொட்டும் விடாத அடுக்கு, உண்மையான கழிவுநீர் வந்ததும் கசியத் தொடங்கலாம். எந்த நீரைத் தடுக்கப் போகிறதோ, அந்த நீரைக் கொண்டே அடுக்கைச் சோதிக்க வேண்டும்.

இத்தாலிய ஆய்வாளர் கத்தரீனா டி மாயோ 1996இல் வெளியிட்ட சோதனைகள் இதில் இன்னொரு நுட்பத்தைக் காட்டின. உப்புக் கரைசல் ஏறிய பெண்டோனைட்டின் சறுக்கு எதிர்ப்பு உயர்ந்தது. சாதாரண உப்பு ஏற்றியதை நன்னீரில் மறுபடி வைத்தபோது அந்த மாற்றம் பின்வாங்கியது. கால்சியம், பொட்டாசியம் உப்புகள் ஏற்றியதில் மாற்றம் பெரிதும் நிலைத்தது. துகளில் இருந்த சோடியத்தை வெளியேற்றிவிட்டு அந்த அயனிகள் அங்கேயே தங்கிவிட்டதுதான் காரணம்.

களர் நிலமும் மண் அணையும்

சோடியம் செய்யும் வேலையைத் தமிழ்நாட்டு விவசாயிகள் நன்றாக அறிவார்கள். திருச்சி மாவட்டத்தின் சில பகுதிகள் போன்ற களர் நிலத்தில் மழை பெய்தால் மேல்மண் குழம்பி நீர் உள்ளே இறங்காது. காய்ந்தால் கல்லாக இறுகும். அங்கே துகள்களைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜிப்சம் இட்டு, நீரைத் தேக்கி, வடிக்கச் சொல்வது இதற்காகத்தான்: ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும், விடுபட்ட சோடியம் வடிநீரோடு போகும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் இட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

இதே சோடியக் களிமண்ணால் கரையோ மண் அணையோ கட்டினால் ஆபத்து பெரிது. உப்பு குறைந்த நீர் ஒரு சிறு வெடிப்பில் நுழைந்தாலும் துகள்கள் தாமாகவே பிரிந்து நீரோடு போகும். வெடிப்பு துளையாகும், துளை சுரங்கமாகும். இத்தகைய அணைகள் முதல்முறை நீர் நிரப்பும்போதே உடைந்ததுண்டு. மண்ணைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது: சிறு மண் கட்டியை வாலை வடிநீர் உள்ள கண்ணாடிக் குவளையில் மெல்லப் போட்டு, கலக்காமல் காத்திருக்க வேண்டும். நீர் கலங்காமல் கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தால் அது நல்ல அறிகுறிதான், ஆனால் முடிவான உறுதி அல்ல. அதைச் சுற்றி நீர் பால்போலக் கலங்கித் தெளியாமல் நின்றால் அந்த மண்ணைக் கரைக்குப் பயன்படுத்துவதற்கு முன் முறையான ஆய்வு தேவை.

என்ன செய்ய முடியும்?

முதலில் கண்டறிய வேண்டும். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், நன்னீர் அவ்வளவாகக் கடத்தாது. எனவே நிலத்தின் மின்தடையை அளந்தால் உப்பு எங்கே கழுவப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். பிறகு அந்த இடத்தில் துளையிட்டு மாதிரி எடுத்து உறுதிசெய்வார்கள். நார்வேயில் இது வழக்கமான முறை.

அடுத்தது சீராக்குவது. சுண்ணாம்பும் சிமென்டும் கலந்த தூண்களை மண்ணுக்குள் இறக்குவது ஒரு வழி. டிரோண்ட்ஹைமில் கிணறுகள் வழியாகப் பொட்டாசியம் குளோரைடை ஊடுருவ விட்டும் பார்த்திருக்கிறார்கள். பொட்டாசியம் துகளில் தங்கிவிடும் என்பதால் பலனும் நீடிக்கும். நம் கரிசல் மண்ணில் சாலை போடும்போது சுண்ணாம்பு கலப்பதும் முதல் கட்டத்தில் இந்த அயனி மாற்றத்தைத்தான் செய்கிறது.

இத்தனை தெரிந்தும் 2020 டிசம்பர் 30 அன்று நார்வேயின் யெர்த்ரும் பகுதியில் குயிக் கிளே சரிந்து பத்துப் பேர் இறந்தார்கள். அடிவாரத்து ஓடை கரையை அரித்ததே சரிவைத் தொடங்கிவைத்தது என்று விசாரணைக் குழு சொன்னது. தூண்டுதல் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம். அதைப் பேரழிவாக்குவது, உப்பு கழுவப்பட்டு ஏற்கெனவே தயாராக இருக்கும் மண்.

ஆகவே களிமண் நிலத்தில் கட்டுகிறவர்கள் மண் பரிசோதனை அறிக்கையில் இரண்டு விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, துளைகளில் இப்போது உள்ள நீரின் உப்பும் அயனிகளும். இன்னொன்று, அந்தக் கட்டடமோ கரையோ நிற்கப்போகும் ஐம்பது ஆண்டுகளில் அங்கே வரப்போகும் நீர்: பாசன நீரா, சாக்கடைக் கசிவா, உள்ளேறும் கடல்நீரா, உப்பைக் கழுவும் மழைநீரா? இன்று ஆய்வகம் தரும் பலம் இன்றைய நீரோடு சேர்ந்த மண்ணின் பலம். நீர் மாறினால் அந்த எண்ணை நம்பி நிற்க முடியாது.