சொந்த உபயோக லோடு வண்டிக்கு இன்சூரன்ஸ்: எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது

நம் மஹல்லாவில் கடை, மரவாடி, பழைய இரும்பு, பிரியாணி சமையல் என்று தொழில் செய்யும் பல குடும்பங்களிடம் சொந்தமாக ஒரு லோடு வண்டி இருக்கிறது. குட்டி யானை, பொலேரோ பிக்கப், டாட்டா 407 என்று ஏதோ ஒன்று. சிலர் அதைவிடப் பெரிய நடுத்தர லாரியும் வைத்திருக்கிறார்கள். வண்டியின் தவணையைக்கூட எப்படியோ கட்டிவிடுகிறோம். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கும் இன்சூரன்ஸ்தான் மூச்சு முட்ட வைக்கிறது. இதற்காகக் கைமாற்றுக் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களும் உண்டு. அந்தச் செலவில் எது குறையும், எது குறையாது என்பதைப் பார்ப்போம்.

பாலிசியில் இரண்டு பகுதிகள் உள்ளன. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிர், உடல், பொருள் இழப்புக்கானது தேர்டு பார்ட்டி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி இது கட்டாயம். இது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது ஓன் டேமேஜ். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனி கேட்கும். இன்சூரன்ஸ் குறித்து மார்க்க ரீதியாகத் தயக்கம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். சட்டத்துக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தாலே போதும் என்பதை அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

தேர்டு பார்ட்டி கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. எந்தக் கம்பெனியிடம் போனாலும் ஒரே தொகைதான், பேரம் கிடையாது. ஆனால் பலர் கவனிக்காத ஒரு இடம் இங்கே இருக்கிறது. சரக்கு வண்டிகளை இரண்டாகப் பிரித்துத்தான் கட்டணம் வைத்திருக்கிறார்கள்: வாடகைக்கு ஓடுவது பப்ளிக் கேரியர், சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றுவது பிரைவேட் கேரியர். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள வண்டிக்கு, முதல் வகையில் 16,049 ரூபாய். இரண்டாம் வகையில் 8,510 ரூபாய். ஜிஎஸ்டி தனி. கிட்டத்தட்ட பாதி. அதற்கு மேல் 12,000 கிலோ வரையுள்ள நடுத்தர லாரிக்கு வாடகை வகையில் 27,186 ரூபாய்; அங்கும் சொந்த உபயோகத்துக்குக் குறைவுதான். புதுப்பிக்கும்போது அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள் போர்டு என்றதும் ஏஜென்ட் வழக்கம்போல் பப்ளிக் கேரியர் என்று போட்டுவிடுகிறார். நாமும் கேட்பதில்லை. பழைய பாலிசியை எடுத்து எந்த வகை என்று பாருங்கள். உண்மையிலேயே சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றுகிறீர்கள் என்றால் வகையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கடையின் ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்று போன்றவற்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கம்பெனி தயங்கினால் இன்னொன்றைக் கேளுங்கள்.

“உண்மையிலேயே” என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். சொந்த உபயோகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சீசனில் நாலு நடை வாடகைக்கு அடித்தால் அது பாலிசி நிபந்தனையை மீறியதாகும். அந்த நாலில் ஒன்றில் விபத்து நடந்தால், கம்பெனி கையை விரிக்க நாமே காரணம் கொடுத்தவர்கள் ஆவோம். இடையிடையே வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் 16,049 கட்டுவதே சரி.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று நம்மிடையே சர்வ சாதாரணமாக நடக்கிறது. கல்யாணம், மய்யித்து, நாகூர் கந்தூரி, ஏர்வாடி பயணம் என்றால் லோடு வண்டியின் பின்னால் தார்ப்பாயை விரித்துக் குடும்பத்தோடு ஏறிக்கொள்கிறோம். சரக்கு வண்டியில் இப்படி ஏறும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு வந்தால் அது வேறு. சில வழக்குகளில், கம்பெனி முதலில் நஷ்டஈடு கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றும் நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. எப்படியானாலும் கடைசியில் சுமை வண்டிக்காரர் தலையில்தான். இருபது பேர் ஏறிய வண்டி கவிழ்ந்தால் வீடு, கடை எதுவும் மிஞ்சாது. ஒரு வேன் வாடகைக்குப் பிடிக்கும் செலவு இதன் முன் ஒன்றுமே இல்லை. ஓட்டுநர், கிளீனர், சுமை தூக்குபவர் ஆகியோருக்குச் சிறு கூடுதல் தொகை கட்டிப் பாலிசியில் சேர்க்க வழியுண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பேரத்துக்கு இடமிருப்பது ஓன் டேமேஜில்தான். 2007 முதல் இந்தப் பகுதிக்குக் கம்பெனிகளே விலை வைக்கின்றன, ஆகவே மூன்று இடத்திலாவது கேட்க வேண்டும். வண்டி வாங்கும்போது ஃபைனான்ஸ் தரப்பே பாலிசி போட்டுத் தவணையில் சேர்க்கப் பார்ப்பார்கள். வெளியில் விலை கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கிளெய்ம் எதுவும் வாங்காத வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி ஏறும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் அது அத்தனையும் போய்விடும். ரெண்டாயிரம் ரூபாய் பெறாத கீறலுக்குக் கிளெய்ம் போட்டு இந்தத் தள்ளுபடியை இழப்பது நஷ்டக் கணக்கு.

ஐடிவி எனப்படும் வண்டி மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைத்துத் தருவார்கள். வண்டி திருடு போனாலோ முழுதும் நொறுங்கினாலோ அந்தக் குறைந்த மதிப்புதான் கைக்கு வரும். இன்னொன்று ஐஎம்டி 23. கார் பாலிசியைப் போல நினைத்துக்கொண்டு பலர் ஏமாறும் இடம் இது. சரக்கு வண்டிக்கு இந்தச் சேர்ப்பு இல்லாவிட்டால், விபத்தில் விளக்கு, டயர், மட்கார்டு, பானட், பம்பர், பெயின்ட் ஆகியவை மட்டும் சேதமாகும்போது பணம் வராது. முன்பக்கம் இடித்தால் முதலில் போவதே இவைதானே. வண்டி புதிது என்றால் இதைச் சேருங்கள். பத்து வருட வண்டிக்கு அவசியமா என்று யோசித்துக்கொள்ளலாம்.

உரிமையாளரே ஓட்டினால் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு சேர்ப்பார்கள். உங்கள் பைக்குக்கோ காருக்கோ ஏற்கெனவே அது இருந்தால் இரண்டாவது முறை கட்டத் தேவையில்லை. சொல்லாவிட்டால் சேர்த்துவிடுவார்கள்.

லைசென்ஸையும் பாருங்கள். 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. அதற்கு மேற்பட்ட லாரிக்கு அது செல்லாது.

யாராவது தேர்டு பார்ட்டியை “பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன்” என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அரசு வைத்த தொகையை எந்தக் கம்பெனியும் குறைக்க முடியாது. போலி பாலிசிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. பணம் கட்டிய சில நாட்களில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஆர்சி, பழைய பாலிசி, ஓட்டுபவரின் லைசென்ஸ் மூன்றின் நகலோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். எந்த வகை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.