துருவத்தில் மணி என்ன?

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான பாங்கு 12 மணிக்கு ஒலிப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரு மணி கடந்த பிறகே ஒலிக்கிறது. சூரியன் உச்சி சாய்ந்த பின்தான் அந்தத் தொழுகை. ஜார்ஜ் டவுனில் சூரியன் உச்சியைத் தொடுவதே சராசரியாக 1.19 மணிக்கு.

காரணம் தீர்க்கரேகை. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. நம் நகரம் கிழக்கே 100 பாகை 20 கலையில் இருப்பதால், சூரியக் கணக்குப்படி நாம் கிரீன்விச்சுக்கு 6 மணி 41 நிமிடம் முந்தியவர்கள். கடிகாரமோ 1982 ஜனவரி 1 முதல் 8 மணி நேரம் முந்தி ஓடுகிறது. அது அரசு வகுத்த நேரம். அதற்காகச் சூரியன் ஒரு நொடிகூட விரைந்து வரவில்லை. 'ராஜுலா' கப்பலில் நம் பாட்டன்மார் விட்டு வந்த நாகப்பட்டினத்தைவிட இங்கே சுமார் 82 நிமிடம் முன்னதாக உச்சிப்பொழுது வருகிறது. அன்றும் இன்றும் அதே 82 நிமிடம்தான்.

படைத்தவனின் இந்தக் கணக்கு பனிக்கண்டத்திலும் பிசகுவதில்லை. அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் கிழக்கே 11 பாகை 44 கலையில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் கிரீன்விச்சுக்கு 47 நிமிடம் முந்திய நேரம். கோடையில் அங்கே வாரக்கணக்கில் சூரியன் மறைவதே இல்லை. காலை, மாலை என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆனாலும் சூரியன் நேர் வடக்கே நின்றால் நண்பகல், நேர் தெற்கே தாழ்ந்து நின்றால் நள்ளிரவு. வெளிச்சம் மறைத்ததைத் திசை சொல்லிவிடுகிறது!

இன்னும் தெற்கே போகப் போக, ஆரஞ்சுச் சுளைகளைப்போல் தீர்க்கரேகைகள் நெருங்குகின்றன. பினாங்கில் ஏறக்குறைய 111 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பாகை, மைத்ரியில் 37 கிலோமீட்டர்; துருவத்தில் பூஜ்யம். 360 பாகைகளும் அங்கே ஒரே புள்ளி. அதைச் சுற்றிச் சில அடிகள் நடந்தால் உலகத்தின் எல்லா மணிகளையும் கடந்துவிடலாம். நிற்கும் இடத்துக்கென்று உச்சிப்பொழுது கிடையாது. சூரியன் ஏறாமல் இறங்காமல் வட்டமிடுகிறது. செப்டம்பரில் ஓர் உதயம், மார்ச்சில் ஓர் அஸ்தமனம், அதுவே ஓராண்டு. அங்குள்ள அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்தார் நியூசிலாந்தின் நேரத்தை வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். சூரியன் மணி சொல்லாத ஓர் இடத்தை இறைவன் உருண்டையின் இரு முனைகளிலும் வைத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

துருவத்துக்குப் போக முடியாதவர்கள் ஏப்ரல் 3-ஐ ஒட்டிய நாள்களில், பகல் 1.20 மணி அளவில், பாடாங் கோத்தா லாமா திடலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதால் குச்சிக்கு நிழலே விழாது. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.