உடலினுள் நோக்கும் அலைகள்

நேயர்களே, இப்பேச்சை உங்கள் செவிக்குக் கொணரும் வானொலி அலையும், முறிந்த என்பைப் படமாக்கும் எக்ஸ் கதிரும் ஒரே இனத்தவை. இரண்டும் மின்காந்த அலைகளே. அலைநீளமே அவற்றை வேறுபடுத்துகின்றது.

1895 ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேராசிரியர் றொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்து, தம் மனைவியின் கையைப் படம்பிடித்தார். தசையை எளிதில் ஊடுருவிய கதிரை என்பிலுள்ள கல்சியம் பெரிதும் தடுத்தமையால், விரலென்புகள் நிழலாய்ப் பதிந்தன. ஆயின், காப்பின்றி அக்கதிரைக் கையாண்ட முன்னோடிகள் பலர் பின்னர்ப் புற்றுநோய்க்கு இரையாயினர். உயிர்க்கலங்களைச் சிதைக்கும் வலிமையும் அதற்கு உண்டு.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பரிவுப் படமுறையோ வானொலி அலையையே பயன்படுத்துகின்றது. நம் உடலின் நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் நுண்ணிய காந்தங்கள் போன்றவை. வலிய காந்தப் புலத்தில் அவை ஒழுங்குபடுகின்றன. தக்க வானொலி அலை பட்டதும் அதன் சக்தியை ஏற்று, அலை நின்றதும் மெல்லிய சைகைகளை வெளியிடுகின்றன. அவற்றைக் கணினி படமாக்குகின்றது. 1.5 தெஸ்லா காந்தத்திற்கு வேண்டிய அலையின் மீடிறன் ஏறத்தாழ 64 மெகாஹேட்ஸ்; பண்பலை வானொலி தொடங்கும் 88 மெகாஹேட்சுக்குச் சற்றே கீழானது. இவ்வலை எக்ஸ் கதிர்போற் கலங்களைச் சிதைப்பதில்லை. மூளை போன்ற மென்மையான உறுப்புகளையும் தெளிவாய்க் காட்டுகின்றது.

ஆயினும் அக்காந்தம் இரும்பை வலிந்து இழுக்கும். இதயமுடுக்கியின் இயக்கத்தையும் குழப்பக்கூடும். ஆதலால், உடலில் உலோகம் உண்டாயின் முன்னரே உரைத்தல் வேண்டும். எக்ஸ் கதிராயின், கருவுற்றிருப்பதை மறைத்தல் ஆகாது. வைத்தியர் தேவையெனக் கூறும் படத்தை அஞ்சி விலக்குவதும் தவறு. தேவையற்ற படத்தை நாமே வற்புறுத்திக் கேட்பதும் தவறு.