90+30: ஆட்டம் எப்போ முடியும், எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம்?

செஸ் போட்டி நோட்டீஸில் '90+30', '15+10' என்று ஏதாவது போட்டிருக்கும். கோவில்பட்டியிலிருந்து பிள்ளையை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ கூட்டிட்டுப் போற அப்பா அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் வர்ற கேள்வி ஒண்ணுதான். ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும்?

நம்ம ஊர் ஹாக்கி ஊர். அங்கே இந்தக் குழப்பமே கிடையாது. 15 நிமிஷம் வீதம் நாலு கால் பகுதி, விசில் ஊதினா கதை முடிஞ்சது. இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே கடிகாரம். செஸ்ஸில் ஆளுக்கொரு கடிகாரம். நான் யோசிக்கும்போது என்னுடையது ஓடும், உங்களுடையது நிற்கும். ஆக, 90 என்பது மொத்த ஆட்டத்துக்கும் இல்லை, ஒருத்தருக்கு மட்டும். இரண்டு பேருக்கும் சேர்த்தால் அதுவே 3 மணி நேரம். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

அடுத்து அந்த '+30'. ஒவ்வொரு முறை காய் நகர்த்தும்போதும் கணக்கில் 30 நொடி சேரும். உலக செஸ் சம்மேளனம் (ஃபிடே) ஆட்டங்களை வகை பிரிக்கும்போது 60 நகர்வை அளவாக வைத்துக்கொள்கிறது. 60 நகர்வுக்கு 30 நொடி என்றால் 30 நிமிஷம். 90-உம் 30-உம் 120. இரண்டு பேருக்கும் 4 மணி நேரம். 15+10 என்றால் ஒருத்தருக்கு 25 நிமிஷம், ஒரு சுற்றுக்கு 50 நிமிஷம். 3+2 என்றால் பத்தே நிமிஷம். ஒருத்தருக்கு வரும் கணக்கு 10 நிமிஷமோ அதற்குக் குறைவோ என்றால் பிளிட்ஸ், அதற்கு மேலே 60-க்குள் ரேபிட், 60-உம் அதற்கு மேலும் கிளாசிக்கல். மூணுக்கும் ரேட்டிங் தனித்தனி.

இந்தக் கூடுதல் நொடி எதுக்கு? பழைய முள் கடிகாரத்தில் நேரம் தீர்ந்தால் ஒரு சின்னக் கொடி விழும். ஜெயிக்கிற நிலையில் இருப்பவனும் கொடி விழுந்தால் தோற்றான். எதிராளி சும்மா ராஜாவை இங்கேயும் அங்கேயும் நகர்த்தியே தப்பித்துவிடலாம். இதுக்கு மருந்தாக பாபி ஃபிஷர் ஒரு கடிகாரத்தை யோசித்து, 1989-இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். ஆள் எப்படிப்பட்டவரோ, இந்த ஒரு வேலை உருப்படியானது.

ஆனால் அதுக்கு ஒரு விலை உண்டு. கூடுதல் நொடி இல்லாத ஆட்டம் எத்தனை மணிக்குள் முடியும்னு முன்கூட்டியே சொல்லிடலாம். அது வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. 2021 துபாய் உலகப் போட்டி, கார்ல்சனும் நெப்போம்நியாச்சியும் ஆடிய 6-ஆவது ஆட்டம். முதல் 40 நகர்வுக்கு 120 நிமிஷம், அடுத்த 20-க்கு 60, மிச்சத்துக்கு 15. 61-ஆவது நகர்விலிருந்துதான் 30 நொடி. இரண்டு பேருக்கும் சேர்த்து 390 நிமிஷம். ஆட்டம் 136 நகர்வு போனது. 61 முதல் 136 வரை 76 நகர்வு, ஆளுக்கு அரை நிமிஷம் வீதம் இன்னொரு 76 நிமிஷம். கூட்டினால் 7 மணி 46 நிமிஷம். அந்த ஆட்டம் நிஜமாகவே ஏறத்தாழ ஏழேமுக்கால் மணி நேரம் நடந்தது! கொடுத்த நேரத்தில் கிட்டத்தட்ட எதையுமே இரண்டு பேரும் மிச்சம் வைக்கவில்லை.

2024 சிங்கப்பூரில் விதி வேறு. 40 நகர்வுக்கு 120 நிமிஷம், மிச்சத்துக்கு 30, கூடுதல் நொடி 41-ஆவது நகர்விலிருந்து. அதாவது முதல் 40 நகர்வுக்குக் கைமாத்து எதுவும் கிடையாது. நம்ம சென்னைப் பையன் குகேஷ் 3-ஆவது ஆட்டத்தில் ஜெயித்தது அந்த இடத்தில்தான். டிங் லிரெனுக்குப் பலகையிலும் நிலை மோசம், ஆனால் முடித்துவைத்தது கடிகாரம். 37-ஆவது நகர்வு வாக்கில் அவர் நேரம் தீர்ந்துபோச்சு. முதல் ஆட்டத்தில் தோற்றிருந்த குகேஷுக்கு அந்த வெற்றி எவ்வளவு முக்கியம்னு சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் 7½–6½ என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில்தான் பட்டம் வந்தது.

சரி, பஸ் விஷயத்துக்கு வருவோம். 90+30-இல் 4 மணி நேரம் தாண்டியும் பிள்ளை வெளியே வரலைன்னா, இரண்டு பேரும் அந்த 30 நொடியில்தான் ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. அப்போ ஒரு நகர்வு ஜோடிக்கு அதிகபட்சம் ஒரு நிமிஷம். காய் வெட்டாமல், சிப்பாயும் நகராமல் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம். 75 போனால் நடுவரே டிரா என்று முடித்துவிடுவார். இடையில் ஒரு வெட்டு விழுந்தாலோ சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தாலோ எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அதனால் 4 மணி நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து, அதுக்கப்புறம் இருக்கும் பஸ்ஸைப் பாருங்க.