வாலில் இருக்கிறது கையிருப்பு



மளிகைக் கடையில் பல்லிக்குப் பஞ்சமில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒன்று, டியூப் லைட் ஓரத்தில் இரண்டு என்று நம்மோடு பங்காளி போல இருந்து வருகிறது. அது கத்தினால் சகுனம் பார்க்கிறோம். மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால் பல்லி சாப்பிட்டதா, பட்டினியா என்று நாம் ஒருநாளும் விசாரித்ததில்லை. 2023 நவம்பர் கடைசியில் அதையும் விசாரிக்க வேண்டி வந்தது.

நம் மகள் குடும்பம் லண்டனில் இருக்கிறது. பேரனுக்கு அப்போது பதினோரு வயது. அந்த நாட்டில் ஒருவகைப் பல்லியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் செல்லமாக வளர்க்கிறார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி இருப்பதால் சிறுத்தைப் பல்லி என்று பெயர். ராயபுரத்தில் கிடங்கைப் பூட்டிக்கொண்டிருந்த நேரம், பேரனிடமிருந்து போன் வந்தது. "தாத்தா, அஞ்சு வாரமா அது ஒண்ணுமே சாப்பிடல. செத்துடுமா?" என்று ஒரே அழுகை. மகள் போனை வாங்கி, "நாளைக்கு வாயைத் திறந்து ஊசி இல்லாத சிரிஞ்சால கூழ் ஊத்தப் போறோம்பா" என்றாள்.

பல்லியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஆனால் ஒரு கேள்வி வாயில் வந்தது. "அதோட எடை எவ்வளவும்மா?" என்றோம். யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் தராசுக்குப் பின்னால் நின்றவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்!

பிறகு பேரன் படித்துச் சொன்னதையும், அங்குள்ள பிராணி வைத்தியர் சொன்னதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

இந்தப் பல்லியின் சொந்த ஊர் லண்டன் அல்ல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட பாறை நிலம். கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத் என்பவர் 1854இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. இதன் விரலில் ஒட்டும் தன்மை இல்லாததால் சுவர் ஏறாது. வளர்ந்த பல்லி சுமார் 50 முதல் 80 கிராம் எடை இருக்கும். உயிருள்ள பூச்சிகளையே தின்னும்.

முக்கியமான உறுப்பு அதன் வால். தடித்துக் குண்டாக இருக்கும். உள்ளே கொழுப்பு. பூச்சி கிடைக்கும் காலத்தில் தின்று வாலில் சேர்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் பாறை இடுக்கில் முடங்கி, சேர்த்ததைச் செலவழிக்கிறது. நாம் தின்னும் சோற்றில் பெரும்பங்கு உடம்புச் சூட்டைக் காப்பதற்கே போய்விடுகிறது. பல்லிக்கு அந்தச் செலவு இல்லை. வெயிலிலும் கல்லிலும் சூட்டை இலவசமாக வாங்கிக்கொள்கிறது. ஆகவே வாடகை இல்லாத கடை போல, வியாபாரம் இல்லாமலும் பல நாள் தாங்கும்.

தீனி நிறுத்துவதற்குக் குளிர்காலம் மட்டும் காரணம் அல்ல. இணை சேரும் பருவம், முட்டை உருவாகும் நேரம், தோல் உரிக்கும் நாள், இடம் மாறிய புதிது ஆகிய வேளைகளிலும் நிறுத்தும். பெட்டியில் சூடு குறைந்தாலும் நிறுத்தும். ஏனென்றால், சூடான இடம் 30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தின்றது நன்றாகச் செரிக்கும். குளிர்ந்த வயிற்றில் வலுக்கட்டாயமாகக் கூழ் ஊற்றினால் அது உள்ளேயே கெட்டுப்போகலாம், வாயும் புண்ணாகும். வைத்தியர் சொல்லாமல் ஊட்டவே கூடாது.

இந்தத் தாங்கும் சக்தி வளர்ந்த பல்லிக்குத்தான். குட்டிக்கு வாலில் அவ்வளவு சேமிப்பு இருக்காது. அது சில நாள் தின்னாவிட்டாலே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

பேரனிடம் பழைய சீட்டைத் தேடச் சொன்னோம். ஆகஸ்டில் வைத்தியர் எழுதியது கிடைத்தது: 72 கிராம். சமையல் தராசில் டப்பாவின் எடையைக் கழித்து நிறுத்தான்: 70 கிராம். ஐந்து வாரப் பட்டினிக்கு 2 கிராம்தான் நஷ்டம்! கூழ் திட்டத்தைக் கைவிட்டார்கள். தண்ணீர்க் கிண்ணமும் சூடும் குறையாமல் பார்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை நிறுத்து நோட்டில் எழுதச் சொன்னோம். டிசம்பர் கடைசியில் 69. ஜனவரி கடைசியில் 68. பிப்ரவரி நடுவில் ஒருநாள் தானாகவே ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றது. பையன் போனில் கத்திய கத்தலில் நம் கணக்குப்பிள்ளை பயந்துவிட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. பேரனின் வகுப்புத் தோழன் வீட்டிலும் அதே வகைப் பல்லி. அதுவும் அதே சமயத்தில் தீனியை நிறுத்தியது. "குளிர்காலம்தானே, தானே தின்னும்" என்று இருந்துவிட்டார்கள். நிறுத்துப் பார்க்கவில்லை. வால் பென்சில் போல மெலிந்த பிறகு கொண்டுபோனார்கள். குடலில் ஒட்டுண்ணி நோய். பிழைக்கவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பட்டினி. ஒன்று ஓய்வு, மற்றொன்று நோய். வித்தியாசம் தெரிந்தது தராசில் மட்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால் மெலிந்தாலோ, கழிச்சல் கண்டாலோ காத்திருக்கக் கூடாது என்பது வைத்தியர் சொன்ன விதி.

இதைக் கேட்டபோது நமக்குப் பழைய வேதனை ஒன்று கிளறிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் நம் பகுதிக் கடைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. காசிமேடு அடங்கினால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை மளிகையும் அடங்கும். 2018 தடைக்காலத்தில் நம் வாடிக்கைக் கடைக்காரர் இருவர் சரக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். கணக்குப்பிள்ளை இருவர் பெயரையும் காட்டினார். "தடைக்காலம்தானே, ஜூன் பொறந்தா வருவாங்க" என்று நாமே சொன்னோம்.

ஒருவர் வந்தார். அவரிடம் பழைய சரக்கும் கொஞ்சம் ரொக்கமும் இருந்தன. திருவொற்றியூர்க்காரர் வரவில்லை. ஜூலையில் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. தண்டலுக்குப் பணம் வாங்கி, அதைக் கட்ட அலமாரிச் சரக்கை அடக்க விலைக்கும் கீழே விற்று, குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். நமக்கு வர வேண்டிய பாக்கி பெரிதல்ல. போனது இருபது வருஷப் பழக்கம். மே மாதத்தில் ஒருநாள் அவர் கடையில் நின்று ஒரு டீ குடித்திருந்தால், காலி அலமாரி கண்ணில் பட்டிருக்கும். தவணை நீட்டியிருப்போம். நாம் வாலைப் பார்க்கவில்லை.

ஆகவே சரக்கு எடுக்காத வாடிக்கைக்காரரைக் கண்டு உடனே பதற வேண்டாம். பருவத்தின் மேல் பழியைப் போட்டுச் சும்மாவும் இருக்க வேண்டாம். நேரில் போய் இருப்பைப் பாருங்கள். நம் சொந்தக் கடைக்கும் இதுவே விதி. கல்லாவில் வரவு குறைந்ததைவிட, முதல் குறைகிறதா என்பதே கேள்வி. அதை வாராவாரம் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. செல்போனில் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் இத்தகைய பிராணிகளைக் கேட்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நட்சத்திர ஆமையையும் பச்சைக்கிளியையும் வீட்டில் வளர்ப்பதே குற்றம். சிறுத்தைப் பல்லியும் நம் நாட்டுக் காட்டில் வாழ்கிற உயிர். யார் விற்க வந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் உள்ள எந்தப் பிராணி தீனி எடுக்காவிட்டாலும், 1903 முதல் நடக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது எடை எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பேரன் இன்னமும் ஞாயிறுதோறும் நிறுத்து எழுதுகிறான். சென்ற வாரம் 73 கிராம் என்று தகவல்.