அவள் படகு என்ன ஆயிற்று?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. மாந்தோப்பு, ஓடை, மரத்துக்கு மரம் தாவும் சாம்பல் நிற அணில். ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டுச்சோற்றுடன் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். புளியோதரை தீர்ந்தது. பால்கோவாவும் தீர்ந்தது. அப்போதுதான் கிளம்பியது ஒரு வழக்கு. கடலே இல்லாத ஊரில், கடல் கொள்ளைக்காரர்களைப் பற்றிய வழக்கு!

"அந்தப் பொம்பளைக்குப் படகு கிடைச்சுதா, இல்லையா? அதைச் சொல்லுங்க அம்மாச்சி!"

கேட்டவள் பத்தாவது படிக்கும் பேத்தி. முதல் நாள் இரவு இருவரும் கைப்பேசியில் படம் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் வெளிவந்த "பைரேட்ஸ் ஆப் தி கரிபியன்" என்ற ஆங்கிலப் படம்.

அதில் அனாமரியா என்று ஒரு பெண் வருகிறாள். ஆண் பிள்ளை போலத் தொப்பி வைத்திருப்பாள். கதாநாயகன் ஜாக் ஸ்பாரோவைக் கண்டதும் பளார் என்று ஒரு அறை! ஏன்? அவளுடைய படகைத் திருடியவன் அவன். "அதற்குப் பதில் வேறு கப்பல் தருகிறேன்" என்று இன்டர்செப்டர் என்ற கடற்படைக் கப்பலைத் தர ஒப்புக்கொள்கிறான். அதுவும் திருட்டுக் கப்பல்தான்! நடுவில் எதிரிகள் அதை வெடி வைத்துத் தகர்த்து விடுகிறார்கள். கடைசிக் காட்சியில் அனாமரியா ஜாக்கின் கப்பலிலேயே நிற்கிறாள். 2006-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் அவள் இல்லை. எங்கே போனாள் என்று ஒரு வார்த்தை கூட இல்லை!

ஆளுக்கு ஒரு கதை

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? படகை வாங்கிக்கொண்டு தனியே போய் விட்டாள் என்பது ஒரு கட்சி. கடலில் செத்திருப்பாள் என்பது இன்னொரு கட்சி. ஜாக் மறுபடியும் ஏமாற்றி விட்டான் என்பதும் உண்டு.

"அந்த நடிகையைத் திரும்பக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. இதுக்குப் போய் ஒரு சண்டையா?" என்றாள் பெண்ணின் தாய். (அந்த நடிகை ஜோ சல்தானா. 2025-ல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிசு பெற்றவர்.)

எனக்கும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "நிஜமாகவே பெண் கொள்ளைக்காரர்கள் இருந்தார்கள்" என்றேன். ஆன் போனி, மேரி ரீட் என்று இருவர். 1720-ல் ஜமைக்கா தீவுப் பக்கம் பிடிபட்டார்கள். இருவருக்கும் தூக்குத் தண்டனை. ஆனால் இருவரும் கர்ப்பிணிகள். அதனால் தூக்கு தள்ளிப் போயிற்று. மேரி ரீட் 1721-ல் சிறையிலேயே இறந்து போனாள்.

"இன்னொருத்தி?" என்றார் அம்மாச்சி.

"அவள் என்ன ஆனாள் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை அம்மா."

"பிள்ளை?"

"அதுவும் தெரியாது."

அம்மாச்சி சிறிது நேரம் ஓடையையே பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

சீர் வண்டியில் வந்தவள்

"ஆயிரத்தில் ஒருவன் வந்தப்போ எனக்குப் பதினாலு வயசு தம்பி."

1965-ல் வந்த படம். பந்துலு எடுத்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தது. கொள்ளைக்காரத் தலைவனாக நம்பியார்! 1935-ல் வந்த "கேப்டன் பிளட்" என்ற ஆங்கிலப் படத்தின் சாயல் அதில் உண்டு. ஜெயலலிதா கன்னித்தீவின் இளவரசி பூங்கொடி. (சிந்துபாத் தேடும் கன்னித்தீவு வேறு, இது வேறு!)

"எல்லாரும் பூங்கொடியைப் பார்த்தாங்க. நான் அவ தோழியைத்தான் பார்த்தேன். ராஜகுமாரியை ஏலம் போட்டா மீட்க மணிமாறன் இருக்கான். கூட வந்தவளுக்கு யார் இருக்கா? படத்திலே என்ன காட்டினாங்களோ, எனக்கு அது போதலை."

"ஏன் அம்மாச்சி?"

"நான் ஒரு பெரிய வீட்டிலே எடுபிடியா இருந்தேன். அந்த வீட்டு அக்காளை ராஜபாளையத்திலே கட்டிக் குடுத்தாங்க. சீர் வண்டியிலே அண்டா, குத்துவிளக்கோட என்னையும் ஏத்தி விட்டாங்க. வர்றியான்னு ஒருத்தரும் கேக்கலை. டூரிங் கொட்டகையிலே மணல்லே உட்கார்ந்து, அந்த அக்காளோடதான் படம் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி நானே ஒரு கதை கட்டினேன். அந்தத் தோழி ஒரு துறைமுகத்திலே இறங்கிக்கிட்டா. புட்டு அவிச்சு வித்துப் பிழைச்சா. ராஜகுமாரி கூப்பிட்டும் ஏறலை."

மகள் தாயையே பார்த்துக் கொண்டிருந்தாள். இந்தக் கதை அவளுக்கும் புதிது போலிருக்கிறது.

"நீங்க இறங்கினீங்களா அம்மாச்சி?" என்றாள் பேத்தி மெதுவாக.

"நாலு வருசம் கழிச்சு. நூல் மில்லுக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு, சொல்லிட்டே கிளம்பினேன். அக்கா அழுதுச்சு. நானும் அழுதேன்."

"அப்போ அனாமரியாவுக்கும் படகு கிடைச்சிருக்கும், இல்லையா?"

"யார் குடுப்பா? அந்தத் திருட்டுப் பயலா?" அம்மாச்சி சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டினார். "அவளா எடுத்துக்கிட்டிருப்பா, தாயி! வா, பஸ் வந்துடும்."